பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் கம்பெனி

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அவர்கள் நேரில் வருகிறார்கள் என்று தெரிந்தபோது முதலாளியம்மா ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். துண்டு கையிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது.

"ஏங்க! கொஞ்சம் இங்க வாங்களேன்!"

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் கணவர், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து போனை வாங்கிப் படித்தார்.

'ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் தங்கள் அலுவலகத்துக்கு வந்து, பன்னிரண்டு பேர் கொண்ட தங்கள் குழுவினரைச் சந்தித்து, சில விஷயங்களை மனம்விட்டுப் பேச விரும்புகிறோம். இப்படிக்கு, தலைவர், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி, அறுபத்திரண்டு கிளைகள்.'

"நல்ல விஷயம்தானே? வரட்டுமே."

"பன்னிரண்டு பேருக்கு நான் எங்க போவேன்?"

"எந்தப் பன்னிரண்டு பேர்?"

அவள் குனிந்து துண்டை எடுத்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

கம்பெனி என்பது சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே இருந்த ஓர் அறை. அதில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர். நாற்காலியில் அவள். 'முதலாளியம்மா' என்பதுகூடக் கீழே இருந்த சைக்கிள் மெக்கானிக் கேலியாக வைத்த பெயர்தான். நாளடைவில் வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

பதினான்கு வருஷம் பெரிய கம்பெனி ஒன்றில் மாடாக உழைத்துவிட்டு, வேலையை உதறி, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளுக்காக அவளே ஒரு மென்பொருள் எழுதினாள். யாருக்கு எந்தக் கார், எத்தனை மணிக்கு வகுப்பு, எப்போது தேர்வு என்று எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். முதல் இரண்டு வருஷத்தில் நாற்பது பள்ளிகள் சேர்ந்தன. அதற்குப் பிறகுதான் அந்தக் காலம் வந்தது. யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரிடம் வாயால் சொன்னால் போதும், அதுவே மென்பொருள் எழுதித் தந்துவிடும் என்ற காலம்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. எங்க மச்சான் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து இதே மாதிரி ஒண்ணு செஞ்சு கொடுத்துட்டார்" என்று சொல்லி ஒருவர் விலகினார். அடுத்தவருக்கு மருமகள் செய்து கொடுத்தாள். நாற்பது பள்ளி பத்தொன்பதாயிற்று. இன்னும் எத்தனை மச்சான்களுக்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் பாக்கி இருக்கின்றனவோ என்று அவள் காலண்டரைப் பார்த்தாள்.

எதிரியை வேலைக்கு வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று அவளும் ஒரு செயற்கை நுண்ணறிவைப் பிடித்தாள். வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுதுவது அதன் வேலை. அதற்குக் 'குமாஸ்தா' என்று பெயர் வைத்தாள். "பெரிய கம்பெனி மாதிரி எழுது. மனுஷங்க எழுதற மாதிரி இருக்கணும்" என்று இரண்டே இரண்டு வாக்கியம் சொன்னாள்.

குமாஸ்தா சொல்பேச்சு கேட்கும் ரகம். முதல் வாரத்திலேயே ஒரு சேவைப் பிரிவுத் தலைவியை உருவாக்கியது. அடுத்து ஒரு சோதனைப் பிரிவுத் தலைவர், அப்புறம் ஒரு சட்ட ஆலோசகர் என்று கடைசியில் கணக்கு பன்னிரண்டு பேரில் வந்து நின்றது. ஒவ்வொருவருக்கும் ஒரு நடை, ஒரு குணம். முதல் பத்துக் கடிதங்களைப் படித்துப் பார்த்து அவள் பூரித்துப் போனாள். பதினொன்றாவதிலிருந்து படிப்பதை விட்டுவிட்டாள். மென்பொருளைக் கவனிக்கவே நேரம் போதவில்லை.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இந்த அறுபத்திரண்டு கிளை மாட்டியது. மாதிரிக்கு மென்பொருளை ஓட்டிப் பார்க்கக் கொடுத்து ஆறு மாதமாகக் கடிதப் போக்குவரத்து. இது கைகூடினால் கம்பெனி பிழைக்கும். இல்லாவிட்டால் பழைய கம்பெனியின் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

"வர வேண்டாம்னு பதமா எழுது, மனசு நோகாம" என்று குமாஸ்தாவிடம் சொன்னாள்.

நான்கு விநாடியில் கடிதம் போய்விட்டது. போன பிறகுதான் படித்தாள். 'தங்கள் வருகை எங்கள் பாக்கியம். எங்கள் குழுவினரில் ஒன்பது பேர் வெளியூரில் பயிற்சியில் இருப்பதால், மூன்று பிரிவுத் தலைவர்கள் மட்டும் தங்களை வரவேற்கக் காத்திருப்பார்கள்.'

"அடப்பாவி!" என்றாள். பிறகு, பன்னிரண்டு மூன்றாகக் குறைந்ததே பெரிய விஷயம் என்று தேற்றிக்கொண்டாள். "சரி, இதுவரைக்கும் அவங்ககூட என்னதான் பேசியிருக்கே?"

'நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். சுருக்கம்: உறவு மிகவும் சுமுகமாக உள்ளது. அவர்கள் நம்மைத் தங்கள் குடும்பமாகவே கருதுகிறார்கள்.'

அந்த இரண்டு வரியை நம்பித்தான் அவள் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மூன்று தலைவர்களைத் திரட்டுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற மாமியார் கேட்டவுடனே சம்மதித்தார். "சேவைதானே? முப்பத்தஞ்சு வருஷம் வார்டுல வேற என்ன செஞ்சேன்? நீ கவலைப்படாதே."

கணவர்தான் இழுத்தார். "சோதனைப் பிரிவுன்னா நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். கம்ப்யூட்டரை முறைச்சுப் பார்த்துக்கிட்டு அப்பப்ப ஒரு பெருமூச்சு விடுங்க. எல்லா கம்பெனியிலயும் அப்படித்தான்."

சட்ட ஆலோசகராகச் சைக்கிள் மெக்கானிக்கைப் பிடித்தாள். அவர் சோப்பு போட்டு மூன்று முறை கை கழுவிவிட்டு, கணவரின் வெள்ளைச் சட்டையில் ஏறினார். தோள்பட்டையில் தையல் முனகியது.

"அண்ணே, நீங்க அதிகம் பேசக் கூடாது. எது கேட்டாலும் 'சட்டப்படி பார்க்கணும்'னு சொன்னா போதும்."

"சட்டப்படி பார்க்கணும்" என்றார் மெக்கானிக் அடிவயிற்றிலிருந்து. அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை வந்தது. வீட்டிலிருந்து ஒரு மேசை, கீழே கடையிலிருந்து மூன்று முக்காலி, ஓடாத ஒரு பழைய கம்ப்யூட்டர் என்று அறையை நிரப்பியதில் நிற்க இடம் இல்லை. பதினோரு மணிக்கு மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது.

முதலில் தலைவர் வந்தார். பருத்த ஆள். கோட்டு அவரைவிட இளைத்த யாருக்கோ தைத்தது போல இருந்தது. அவருக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண், மார்போடு அணைத்த கோப்புடன். கடைசியில் டிரைவர், கை கொள்ளாத வெள்ளைப் பூங்கொத்தோடு.

"ஐயோ, பூவெல்லாம் எதுக்குங்க?" என்றாள் முதலாளியம்மா.

"எங்களால முடிஞ்சது" என்றார் தலைவர், தாழ்ந்த குரலில்.

எவ்வளவு பணிவான மனிதர் என்று நினைத்துக்கொண்டே அவள் பூங்கொத்தை வாங்கிக் கணவரின் மேசைமேல் வைத்தாள். டிரைவர் போகாமல் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"இவங்க எங்க சேவைப் பிரிவுத் தலைவி."

மாமியார் எழுந்து கம்பீரமாக வணக்கம் சொன்னார். கண்ணாடிப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிப் பைக்குள் கைவிட்டு, கட்டைவிரல் அளவில் பின்னப்பட்ட இரண்டு ஜோடி காலுறைகளை எடுத்து நீட்டினாள்.

"ரெட்டைக் குழந்தைங்க எப்படி இருக்காங்க?"

"எந்தக் குழந்தைங்க?" என்றார் மாமியார்.

"உங்களுக்குப் போன மாசம் பொறந்ததா எழுதியிருந்தீங்களே. மகப்பேறு விடுப்புல இருந்தாலும் எங்களுக்காகப் பதில் எழுதறதா..."

மாமியாருக்கு வயது அறுபத்தேழு.  முதலாளியம்மா கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தாள். பெரிய கம்பெனி மாதிரி எழுது என்று சொன்னேனே, பிரசவம் பார் என்றா சொன்னேன்?

"பேரக் குழந்தைங்க!" என்றாள் அவசரமாக. "எங்க கம்பெனியில பேரக்குழந்தை பொறந்தாலும் பாட்டிக்கு விடுப்பு உண்டு."

"அப்படியா!" தலைவர் அசந்துபோனார். "பாட்டிக்குமா? எவ்வளவு நாள்?"

"ஆறு மாசம்" என்றார் மாமியார், சமாளித்துக்கொண்டு. "ரெட்டைன்னா ஒரு வருஷம்."

வாசலில் இருந்த டிரைவர் கனைத்தார். "மேடம், ஒரே காருக்கு ஒரே நேரத்துல ரெண்டு பேர் பதிவு பண்ணா உங்க மென்பொருள் என்ன பண்ணும்?"

அன்று கேட்கப்பட்ட முதல் உருப்படியான கேள்வி அது. டிரைவராவது மென்பொருளைப் பற்றிக் கேட்கிறாரே என்று அவள் மனம் குளிர்ந்து, பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தலைவர் மெக்கானிக்கின் முன் போய் நின்றுவிட்டார்.

"இவர்..."

"சட்ட ஆலோசகர்."

தலைவர் ஓரடி பின்வாங்கினார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. "ஐயா, நீங்க எழுதின லெட்டரைப் படிச்சுட்டு ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கல. அந்த ஆறாவது விதியை நாங்க வேணும்னு மீறலைங்க. உள்ள தள்ளிருவேன்னு எல்லாம் சொல்லாதீங்க."

"சட்டப்படி பார்க்கணும்" என்றார் மெக்கானிக்.

"கொஞ்சம் தயவு பண்ணி..."

"சட்டப்படி பார்க்கணும்." மெக்கானிக்குக்குக் குஷி பிறந்துவிட்டது. கைகளைக் கட்டிக்கொண்டார். தோள்பட்டைத் தையல் ஓரங்குலம் விட்டது.

அப்போது பார்த்துக் கீழே இருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணே! பஞ்சர்!"

"வர்றேன், ட்யூபைக் கழட்டி வை!" என்று பழக்க தோஷத்தில் கத்திவிட்டார் சட்ட ஆலோசகர்.



"ட்யூபா?" என்றார் தலைவர்.

"அது சட்டத்துல ஒரு பிரிவுங்க" என்றாள் முதலாளியம்மா.  இன்னும் ஒரே ஒருவர்தான் பாக்கி. அவரைக் காட்டிவிட்டால் மென்பொருளைத் திறந்துவிடலாம். "இங்க பாருங்க, இவர்தான் எங்க சோதனைப் பிரிவுத் தலைவர்."

கணவர் கம்ப்யூட்டரை முறைத்து ஒரு பெருமூச்சு விட்டுத் திரும்பினார்.

கண்ணாடிப் பெண்ணின் கையிலிருந்த கோப்பு கீழே விழுந்தது.

"இவரா?" என்றார் தலைவர்.

"இவரேதான்."

"நல்லாத் தெரியுமா?"

"பன்னெண்டு வருஷமாத் தெரியும்."

"இல்ல... இவர் தவறிட்டார்னு லெட்டர் வந்துச்சே?"

முதலாளியம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிப் பெண் குனிந்து, சிதறிய தாள்களிலிருந்து ஒன்றை எடுத்து நடுங்கும் குரலில் படித்தாள். "'பிழையைச் சரிசெய்வதில் நான்கு நாள் தாமதமானதற்கு வருந்துகிறோம். எங்கள் சோதனைப் பிரிவுத் தலைவர், தாங்கள் சொன்ன பிழையைத் திருத்திக்கொண்டிருந்தபோதே மாரடைப்பால் காலமானார். அவருடைய கடைசிச் சொல், வாடிக்கையாளர் என்பதாகவே இருந்தது.'"

கணவர் தாளை வாங்கித் தன் மறைவைத் தானே ஒருமுறை படித்தார். "மாரடைப்பா? எனக்கு பிரஷர்கூட இல்லியே" என்றார். மருந்துக்கடை அனுபவம் பேசியது. பிறகுதான் மேசையில் இருந்த வெள்ளைப் பூங்கொத்தைக் கண்டார். அதன் நடுவே ஓர் அட்டையில் 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதியிருந்தது. முக்காலியை ஓரடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"இவர் அவரோட தம்பி!" என்றாள் முதலாளியம்மா. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "அண்ணன் போனதும் அந்த வேலையைத் தம்பிக்கே கொடுத்துட்டோம்."

"பன்னெண்டு வருஷமாத் தெரியும்னு சொன்னீங்களே?"

"தம்பியைத்தான் சொன்னேன்."

விஷயம் அதோடு நின்றிருக்கலாம். ஆனால் மாமியார் முகம் சிவந்து எழுந்து நின்றார். வார்டில் நோயாளிகளைக் கட்டிலில் உட்கார வைத்த அதே குரல். "யாரு எழுதினது அப்படி? குத்துக்கல்லாட்டம் என் புள்ள உட்கார்ந்திருக்கான், அவன் போயிட்டான்னு எந்தக் கட்டையில போறவன் எழுதினான்?"

"அத்தை!"

"நீ சும்மா இரும்மா! எனக்கு ஒரே ஒரு புள்ளதான். தம்பியாம், அண்ணனாம்!"

கண்ணாடிப் பெண் மாமியாரையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் போக்கில் ஏதோ ஒரு கணக்குப் போட்டு முடித்தாள். அவள் கண்கள் குளமாயின.

"புத்தி பேதலிச்சுப் போச்சு பாவம், பெத்தவங்களுக்கு" என்று தலைவரிடம் கிசுகிசுத்தாள். பிறகு ஓடிவந்து மாமியாரைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, மகனைப் பறிகொடுத்த மறுநாளே எங்களுக்கு அவ்வளவு பொறுமையாப் பதில் எழுதினீங்களே! அந்த லெட்டரைப் படிச்சுட்டு நான் அழாத நாளே இல்லம்மா!"

மாமியார் திணறினார். நோயாளிகள் அழுது பார்த்திருக்கிறார். பார்க்க வந்தவர்கள் தன்னைக் கட்டிக்கொண்டு அழுது அவர் பார்த்ததில்லை. அனிச்சையாக அந்தப் பெண்ணின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"நாங்க ஒரு வேண்டுதலோடதான் வந்தோம்" என்றாள் அந்தப் பெண், மூக்கை உறிஞ்சியபடி. "அவர் சம்சாரத்தை நேர்ல பார்த்து ஒரு வார்த்தை சொல்லாம நான் இங்கருந்து நகர மாட்டேன். நாங்க சொன்ன பிழையைத் திருத்தப் போய்த்தானே மனுஷன் போனார்? அந்தப் பாவம் எங்களைச் சும்மா விடுமா? அவங்க எங்க இருக்காங்க?"

"எங்க இருப்பா? இதோ நிக்கிறாளே" என்று மாமியார் மருமகளைக் கைகாட்டினார்.

கண்ணாடிப் பெண் மெல்லத் திரும்பினாள். "நீங்களா?" என்றாள். "புருஷன் போய் ஒரு மாசம் ஆகல. அழாம, அசராம, எங்களை வாசல்ல வந்து சிரிச்ச முகத்தோட கூப்பிட்டீங்களே..."  முதலாளியம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்தக் கண்ணீர் சூடாக இருந்தது.

இதுவரை நடந்த எதுவும் செய்யாததை அந்தச் சூடு செய்தது. நானூற்றுப் பன்னிரண்டு கடிதத்தில் தான் எழுதியது ஒன்றுகூட இல்லை. இந்தப் பெண்ணோ ஒரு வரி விடாமல் படித்து, இல்லாத ஒரு மனிதனுக்காக இத்தனை நாளாக அழுதிருக்கிறாள். பக்கத்தில் கணவர் பூங்கொத்துக்கு எதிரே, செத்தவராகவும் தம்பியாகவும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டிருந்தார். அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"போதும்" என்றாள். "உட்காருங்க. எல்லாரும் உட்காருங்க."

யாரும் உட்காரவில்லை. உட்கார இடமும் இல்லை.

"இங்க பன்னெண்டு பேர் இல்ல. பிரிவும் இல்ல, தலைவரும் இல்ல. இவங்க என் மாமியார். அவர் கீழ சைக்கிள் கடை வச்சிருக்கார். இவர் என் வீட்டுக்காரர், உயிரோடதான் இருக்கார், மருந்துக்கடையில வேலை. லெட்டர் எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர் எழுதினது. குழந்தை, சாவு, கேஸ் எல்லாம் அதோட கற்பனை. மென்பொருள் மட்டும்தான் நிஜம், அதை நான் ஒருத்தியா உக்காந்து எழுதினேன். சின்ன ஆளுன்னு தெரிஞ்சா நீங்க திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீங்கன்னு பயந்து..." குரல் உடைந்தது. "என்னை மன்னிச்சிடுங்க. போலீஸுக்குப் போனாலும் நான் தப்பு சொல்ல மாட்டேன்."

மெக்கானிக் மெதுவாகத் தன் கட்டிய கையை அவிழ்த்தார். கணவர் பூங்கொத்தை மேசைக்கு அடியில் வைத்தார். அறுபத்திரண்டு கிளையும் கையைவிட்டுப் போய்விட்டது என்று முதலாளியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு விழட்டும் என்று காத்திருந்தாள்.

திட்டு விழவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். தலைவரின் முகம் பேயறைந்தது போல வெளுத்திருந்தது. கோட்டுப் பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்து, அதில் மேலிருந்து கீழாக விரலால் எதையோ தேடினார். கிடைக்கவில்லை. பின்புறம் திருப்பிப் பார்த்தார். அங்கேயும் இல்லை. கண்ணாடிப் பெண் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இருவரும் முதலாளியம்மாவைப் பார்க்கவே இல்லை. வாசலைத்தான் பார்த்தார்கள்.

வாசலில் டிரைவர், பிடித்திருந்த நிலையை விட்டுவிட்டு ஓரடி உள்ளே வந்தார்.

"மாமா, அந்தக் கோட்டைக் கழட்டிருங்க, வேர்த்துக் கொட்டுது" என்றார். "மேடம், எங்ககிட்டயும் இருக்கறது ஒரே ஒரு கார், ஓட்டக் கத்துக்கொடுக்கறது நான் ஒருத்தன், இவர் என் மாமனார், லெட்டர் எல்லாம் எங்க வீட்டுக் கம்ப்யூட்டர், என் பொண்டாட்டி அழுதது மட்டும்தாங்க நிஜம்."